கடிகாரத்துடன் ஓடும் காரைத் தயார் செய்தல்: மலையகத்தில் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

டைம் அட்டாக் என்னும் நேர ஓட்டத்தில் உங்கள் பக்கத்தில் வேறு எந்தக் காரும் ஓடுவதில்லை. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடப்பவரே வென்றவர். ஜப்பானில், 2.045 கிலோமீற்றர் நீளமுள்ள சுக்குபா ஓடுதளத்தை ஒரு நிமிடத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. ஆனாலும் கடிகாரத்துடன் மட்டும் போட்டியிடுவது நமக்குப் புதியதன்று. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது; ரதெல்லவிலும் அத்தகைய போட்டி நடந்து வருகிறது. இரண்டிலும் கார்கள் ஒவ்வொன்றாகவே புறப்படும், நேரம்தான் தீர்ப்புச் சொல்லும்.

பழைய ஹொண்டா சிவிக், இன்டெக்ரா, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற முன்சக்கர இழுவைக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைகளின் வரிசையே இதில் முக்கியம். நானும் முதலில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். சத்தம் கூடியது, நேரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே பணத்தில் நல்ல பிரேக் பேட்களையும் ஒரு சோடி டயர்களையும் வாங்கியிருக்கலாம்.

தொடங்கும் முன்: எங்கே ஓட்டுவது?

தோட்ட வீதியில் பழகாதீர்கள். விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் பெண்கள், வளைவுக்கு அப்பால் கொழுந்து ஏற்றிக்கொண்டு நிற்கும் லொறி, பள்ளிக்கூடம் விட்டு வரிசையாக வரும் பிள்ளைகள் என எல்லோருக்கும் அந்தக் குறுகிய வீதி ஒன்றுதான் நடைபாதை. மூடுபனி இறங்கினால் இருபதடி தூரத்தில் நிற்பவர்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டார். வேகமாக ஓட்டிப் பழக மூடிய தளம் வேண்டும். பண்டாரகம கார்ட்டிங் தளத்தில் சில மணி நேரம் ஓட்டினாலே வளைவில் எந்தக் கோட்டில் போக வேண்டும் என்பது உடம்புக்குப் புரியத் தொடங்கும். அதற்குப் பிறகு கட்டுக்குருந்த போன்ற தளங்களில் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் நாட்களை விசாரித்துச் செல்லலாம். மலையில் முழு வேகம் என்பது, வீதியை மூடி, கொடி பிடிப்பவர்களும் அம்புலன்ஸும் நிற்கும் போட்டி நாளுக்கு மட்டுமே உரியது.

முதற்படி: கொப்பி

எந்த உதிரிப்பாகத்தையும் வாங்குவதற்கு முன்னர், இருக்கின்ற காரை இருக்கின்றபடியே தளத்தில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஜி.பி.எஸ். மூலம் நேரம் கணிக்கும் செயலி இருந்தால் போதும். நாள், வானிலை, டயர் அழுத்தம், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிரேக் மிதியின் உணர்வு, என்ஜின் சூடு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். டயரையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றினால், குறைந்த அரை நொடியைத் தந்தது எது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கார் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். போல் ஜொயின்ட், வீல் பெயரிங், என்ஜின் மவுண்ட், ஒயில் கசிவு ஆகிய எல்லாவற்றையும் நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் காட்டிச் சரி செய்துகொண்ட பின்னரே மற்றவை. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய பாகங்களைப் பொருத்துவதற்கு முன் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போட்டியின் விதிமுறைப் புத்தகத்தையும் முன்கூட்டியே பெற்றுப் படியுங்கள். எந்தப் பிரிவில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்பது அதில்தான் இருக்கும். ஹெல்மெட் கார்ப் பந்தயத்துக்குரியதாக இருக்க வேண்டும். ஸ்னெல் தரத்தில் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் கார்ப் பந்தயத்தையும், எம். என்ற எழுத்து மோட்டார் சைக்கிளையும் குறிக்கும்.

இரண்டாம் படி: பிரேக்

நிற்க முடியும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் ஓட்டுநரின் வலது கால் உண்மையாகவே அழுத்தத் தொடங்கும் என்பதால், இந்தப் படியில் நான் நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதில் ஏறத்தாழ 386 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. நிற்கும்போது அது முழுவதும் வெப்பமாக மாறி, அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளில்தான் இறங்கும். அவை ஒவ்வொன்றும் 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை பிரேக் அழுத்துவது அவற்றின் சூட்டை ஏறக்குறைய 60 பாகை உயர்த்திவிடும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாதாரண வீதிப் பேட்கள் ஓர் எல்லைக்கு மேல் பிடிமானத்தை இழப்பதும், பிரேக் ஒயில் கொதித்து மிதி தரையைத் தொடுவதும் இதனால்தான். நானுஓயா – ரதெல்ல குறுக்கு வீதியில் பிரேக் பிடிக்காமல் போன வாகனங்களின் கதை தெரிந்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டொட் 4 என்னும் தர வகை ஒயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கலாம். ஆண்டில் பாதி நாள் பனியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று நினைப்பது ஆபத்தானது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் மாற்றுங்கள். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். அதை மற்றவற்றுடன் கலக்கவே கூடாது. டொட் 5.1 அப்படியன்று, அது டொட் 4 உடன் சேரும்.

மாற்றும் முறை இது. காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்ட் மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் புதிய ஒயிலை மேல் கோடு வரை நிரப்புங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும் என்பதால், அந்தக் காரின் வேர்க்‌ஷொப் கையேட்டைப் பாருங்கள். சக்கரத்தின் பிரேக்கில் ஒயிலை வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளில் கண்ணாடி போன்ற தெளிவான குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய ஒயில் உள்ள போத்தலில் மூழ்க வையுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் முதன்முதலில் இந்த வேலையைக் கற்றபோது மிதியில் நான் இருந்தேன், சக்கரத்தருகில் பாஸ் இருந்தார். “தம்பி, அமத்திப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். குழாய்க்குள் சாயம் ஏறிய பிளேன்ரீயின் நிறத்தில் பழைய ஒயில் வந்தது, அதன் நடுவே ஊசிமுனை அளவு குமிழிகள். நிப்பிளை இறுக்கிய பிறகே “விடுங்க” என்றார். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். குமிழி நின்று, நிறம் தேன் போல் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, இடையிடையே மேல் டப்பா வற்றாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள். தெறித்த ஒயில் பெயின்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அத்துடன் வேகமான ஓட்டத்துக்குரிய பேட்களைப் போட்டால் தொடக்கத்துக்குப் போதும். பெரிய கலிப்பர் வாங்கும் ஆசையைத் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம் படி: டயர்

காரையும் வீதியையும் தொடுவது நான்கு உள்ளங்கை அகலத்து இரப்பர் மட்டுமே. மலையேற்றப் போட்டியில் ஓட்டம் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். காலைக் குளிரில் பள்ளங்கள் குறைந்த, பந்தயத்துக்கான செமி ஸ்லிக் டயர் சூடேறிப் பிடிக்கத் தொடங்குவதற்குள் முடிவுக்கோடு வந்துவிடலாம். ஆகவே ட்ரெட்வெயர் என்னும் தேய்மான எண் 200 அளவிலான மென்மையான வீதி டயரே முதல் வருடத்துக்கு நல்லது என்பது என் முடிவு. திடீரென மழை வந்தாலும் அதன் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும்.

அழுத்தத்தில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு வெளிக்காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறைவு. அளவுமானி உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டும். ஆகவே கொழும்பில் 32 வைத்த டயர், சூடு மாறாதிருந்தால், மேலே 35 அளவில் காட்டும். ஆனால் 30 பாகைச் சூட்டிலிருந்து 15 பாகைக் குளிருக்கு வரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி 2 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைந்துவிடுவதால், காலையில் பார்த்தால் எதுவுமே மாறாதது போல் இருக்கும். வெயில் ஏறியதும்தான் உண்மை தெரியும். அதனால் கீழே வைத்த அழுத்தத்தை நம்பாமல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் அங்கேயே அளந்து வையுங்கள்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க வகுப்பறைச் சுண்ணக்கட்டி போதும். டயரின் ஓடும் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில் மூன்று இடங்களில் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு. விளிம்பைத் தொடாமலே நின்றிருந்தால் அதிகம். சக்கர நட்களை டோர்க் ரென்ச் கொண்டு இறுக்குங்கள். சிவிக் போன்ற கார்களுக்கு அது 108 நியூட்டன் மீற்றர்.

நான்காம் படி: சஸ்பென்ஷன், எடை, இழுவை

காரைத் தரையோடு தரையாக இறக்கிவிடுவது அழகாகத் தெரியலாம். ஒட்டுப்போட்ட மலை வீதியில் ஸ்பிரிங் அசைய இடமில்லாத கார் துள்ளும்; துள்ளும் டயர் பிடிக்காது. நல்ல ஷொக் அப்சோபர், சற்றே கடினமான ஸ்பிரிங், புதிய புஷ்கள், முன்சக்கரங்களுக்கு 2 முதல் 2.5 பாகை வரை உட்சாய்வு ஆகியவற்றோடு தொடங்குங்கள். பிறகு எடையைக் குறையுங்கள். பின் இருக்கை, கம்பளம், மேலதிகச் சக்கரம் ஆகியவற்றை எடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை. வீதியிலும் ஓட்டும் கார் என்றால், எதை எடுக்கலாம், எதை மாற்றலாம் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்சக்கர இழுவைக் காருக்கு ஏற்றம் ஒரு தனிச் சோதனை. ஈர்ப்பு மையம் 50 சென்ரிமீற்றர் உயரத்திலும் சக்கர இடைவெளி 250 சென்ரிமீற்றரிலும் உள்ள 1,000 கிலோ காரில், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம் மட்டுமே ஏறத்தாழ 20 கிலோ பாரத்தை முன்சக்கரங்களிலிருந்து பின்னுக்கு நகர்த்திவிடும். வேகமெடுக்கும்போது மேலும் 60 கிலோ நகரக்கூடும். கொண்டைஊசி வளைவில் உட்சக்கரம் வீணாகச் சுழன்று புகை எழுவதை மஹகஸ்தொட்டவில் வேலிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல விடாமல் மற்றதற்கும் வலுவைக் கொடுக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் ஒன்று அந்த இடத்தில் தரும் பலனை இருபது குதிரைவலு கூடுதலாக இருந்தாலும் பெற முடியாது.

ஐந்தாம் படி: என்ஜின்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். நுவரெலியாவின் காற்று கடலோரக் காற்றைவிட ஏறத்தாழ 17 சதவீதம் அடர்த்தி குறைந்தது என்பதால், டேர்போ இல்லாத என்ஜின் ஏறக்குறைய அதே பங்கு வலுவை இழக்கும். பின்விங் தரும் கீழழுத்தமும் அதே அளவில் குறையும். டேர்போ இதை ஈடுசெய்யும், ஆனால் அதற்காக அதிக வேகத்தில் சுழன்று காற்றை மேலும் சூடாக்கும். மெல்லிய காற்றில் என்ஜின் தட்டுவது (எரிபொருள் கலவை நேரம் தப்பி வெடிப்பது) குறைவு என்பதால், மேலே வைத்து இக்னிஷன் தீப்பொறியின் நேரத்தை முன்தள்ளி டியூன் செய்த காரைக் கீழே கொழும்புக்குக் கொண்டுபோனால் அது தட்டத் தொடங்கலாம்; 95 ஒக்டேன் பெட்ரோல் போட்டு, இரு இடத்துக்கும் என்ஜின் கணினியில் இரண்டு மேப் (டியூன் அமைப்பு) வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ரேடியேட்டர் மூடியையும் புதிதாக்குங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதைத் தாண்டிக் கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்த மூடியின் அழுத்தம்தான்.

ஆறாம் படி: ஓட்டம்

முதல் நாளில் நேரத்தைத் துரத்தாதீர்கள். தளத்தை நடந்தே பாருங்கள். தேயிலைச் சரிவிலிருந்து தண்ணீர் வழியும் இடம், மரநிழலில் பாசி பிடித்த இடம், சரளை சிதறிய வளைவின் உள்விளிம்பு எல்லாம் நடக்கும்போதுதான் தெரியும். சுற்றுத்தளத்தில் ஒரு சுற்று டயரைச் சூடாக்கவும், ஒரு சுற்று முழு முயற்சிக்கும், ஒரு சுற்று ஆறவிடவும் என்று பிரித்து ஓட்டுங்கள். பிரேக்கை நேர்கோட்டில் அழுத்தி, கியரை இறக்கி, காலை மெல்ல மெல்ல விடுவித்தபடியே வளைவுக்குள் நுழையுங்கள். கண் எப்போதும் அடுத்துப் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை நேராக்கும் அளவுக்கு மட்டுமே எக்ஸலரேட்டரை அழுத்துங்கள். முன்சக்கரம் திரும்பிய நிலையில் முழுவதும் அழுத்தினால் கார் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் பயனில்லை, காலைச் சிறிது தளர்த்தினால் பிடிமானம் திரும்பும்.

மலையேற்றத்தில் முடிவுக்கோடு உச்சியில் இருப்பதால், ஏறும்போது சரிவே பிரேக்குக்குத் துணை செய்யும். பிரேக் உண்மையில் வேகுவது ஓட்டம் முடிந்து இறங்கி வரும்போதுதான். இரண்டாம் கியரில் என்ஜினின் பிடியிலேயே மெதுவாக இறங்குங்கள். கீழே வந்து நிறுத்தியதும், சூடான டிஸ்க்கின் மேல் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், சக்கரத்துக்கு ஒரு கட்டையை அண்டை கொடுத்துவிட்டு, டயர் ஆறுவதற்குள் நான்கின் அழுத்தத்தையும் அளந்து, சுண்ணக்கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.