டாக்டர் ஹூவைக் காதால் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரின் கதையைச் சொல்லும் பிரிட்டிஷ் டிவி தொடர் டாக்டர் ஹூ. டாக்டர் அவ்வப்போது உருமாறுவதால் பல நடிகர்கள் அந்த வேடத்தில் வந்திருக்கிறார்கள். தொடரைப் பார்த்துத் தீர்த்தவர்கள் பலர் அடுத்து அதன் ஒலிக்கதைகள் பக்கம் வருகிறார்கள். வந்த வேகத்தில் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு, "டிவியில் இருந்த சுவை இதில் இல்லையே" என்று திரும்பியும் விடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கும். அந்த ஒன்றிரண்டில் எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் தவறு கதையில் இருப்பதில்லை.

பெரிய தவறு, எல்லாவற்றையும் ஆடியோபுக் என்று ஒரே பையில் போடுவது. ஒருவர் உட்கார்ந்து கதையை வாசிப்பது ஒரு வகை. 2008ல், டிவியில் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் வாசித்து பிபிசி வெளியிட்ட 'பெஸ்ட் கன்ட்ரோல்' அப்படிப்பட்டது. ஒலிக்கென்றே எழுதப்பட்ட கதை. நடிகர்கள் கூடி, பின்னணி இசை, சத்தங்கள் எல்லாம் சேர்த்து நடிக்கும் முழு ஒலி நாடகம் இன்னொரு வகை. பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் இதைத்தான் செய்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவையும் உண்டு. 2007ல் தொடங்கிய 'கம்பானியன் க்ரானிக்கிள்ஸ்' வரிசையில் டாக்டரின் பழைய தோழர் ஒருவர் தன் அனுபவமாகக் கதை சொல்வார், துணைக்குப் பெரும்பாலும் இன்னொரு குரல் மட்டும் வரும். முழு நாடகம் என்று நினைத்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரு முதியவர் பக்கத்தில் அமர்ந்து நினைவுகூர்வதைக் கேட்கிறோம் என்று நினைத்து அமர்ந்தால் மனசைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. என் மனதுக்கு மிக நெருக்கமானது. 1960களில் ஒளிபரப்பான பல பகுதிகளின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. 90க்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு இன்றும் படம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் டிவி ஓடும்போதே டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த ஒலியோடு, நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு குரல் சொல்லும்படி பிபிசி வெளியிட்டது. ஏழு பகுதிகளும் தொலைந்த 'மார்க்கோ போலோ'வுக்கு (1964) விளக்கம் சொல்பவர், அதிலேயே நடித்த வில்லியம் ரஸ்ஸல். இவற்றைக் கேட்பவர்கள் செய்யும் தவறு, ஏழு பகுதியையும் ஒரே மூச்சில் கேட்பது. வாரம் ஒன்றாக, 25 நிமிடமாக வந்த கதை அது. ஒரு நாளைக்கு ஒன்று என்று கேளுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஆபத்தில் போய் நிற்கும்போது உங்களுக்கும் மறுநாள் வரை ஒரு தவிப்பு இருக்கும்.

அடுத்தது, ஒன்றாம் எண்ணில்தான் தொடங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பது. பிக் ஃபினிஷின் முதல் டாக்டர் ஹூ நாடகம் 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்', 1999 ஜூலையில் வந்தது. டிவியில் அடுத்தடுத்து டாக்டராக வந்த பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் அதில் இருக்கிறார்கள். வரலாற்றுக்காக ஒருநாள் கேட்கலாம். தொடங்குவதற்கு அது இடமில்லை. கை பழகாத காலத்து வேலை. அந்த மாதாந்திர வரிசை 2021ல் 275ஆவது வெளியீட்டோடுதான் நின்றது. வரிசையாகப் போனால் பாதியில் களைத்துப் போவீர்கள்.

அதற்காகக் கண்ணில் பட்டதை எடுத்துக் கேட்பதும் சரிவராது. தனித்து நிற்கும் கதைகளும் உண்டு, சங்கிலியாகப் போகிறவையும் உண்டு. பால் மெக்கான் 1996ல் ஒரே ஒரு டிவி படத்தில் டாக்டராக வந்தவர். அவருடைய டாக்டர் வளர்ந்ததே ஒலியில்தான். 2001ல் வந்த 'ஸ்டார்ம் வார்னிங்' கதையில் சார்லி பொலார்ட் என்ற பெண்ணை ஆர்101 என்ற வான்கப்பலில் சந்திக்கிறார். அந்தக் கப்பல் நிஜமானது, 1930 அக்டோபரில் பிரான்ஸில் விழுந்து எரிந்து 48 பேர் இறந்தார்கள். அங்கே டாக்டர் எடுக்கும் முடிவு பின்னால் வரும் பல கதைகளைத் துரத்துகிறது. அதைக் கேட்காமல் 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' (2002) கேட்டால் பயம் புரியும், வலி புரியாது. 'ஸ்கெர்ட்ஸோ' (2003) இன்னும் கஷ்டம். இரண்டே நடிகர்கள் பேசும் அற்புதமான நாடகம், ஆனால் முந்தைய கதை தெரியாதவருக்கு இருவரும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்றே விளங்காது.

சரி, எதில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால், மார்க் பிளாட் எழுதிய 'ஸ்பேர் பார்ட்ஸ்' (2002). உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்ட சைபர்மேன்கள் என்ற எதிரிகள் எப்படி உருவானார்கள் என்ற கதை. 1966ல் அவர்கள் முதலில் டிவியில் வந்தபோது பேசிய அதே ஏறி இறங்கும் வினோதக் குரலை இதில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதி மாற்றப்பட்ட ஒரு பெண் தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இதை முதல் தடவை நான் பேருந்தில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். வீட்டில் இரண்டாம் தடவை கேட்டபோதுதான், எத்தனை சத்தங்களைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. டிவியில் காமிரா காட்டுவதை இங்கே ஒலி காட்டுகிறது: யார் கதவருகே நிற்கிறார், அறை எவ்வளவு பெரியது, பின்னால் ஓடும் இயந்திரம் எப்போது நின்றது. அதனால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். சமைத்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்க ஒருவர் வாசிக்கும் கதைகள் போதும். வேகத்தைக் கூட்டிக் கேட்பதும் அப்படித்தான். வாசிப்புக்குப் பரவாயில்லை, நாடகத்தில் நடிகர் விட்ட மௌனத்தையே வெட்டி எறிவதாகும்.

வாங்கும் முன், சுருக்கமா முழுமையா என்று பார்க்காமல் விடாதீர்கள். டென்னன்ட் வாசித்த 'தி ஸ்டோன் ரோஸ்' (2006) சுருக்கிய வடிவம். 1979ல் இசைத்தட்டாக வந்த 'ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு பகுதிகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அடக்கியது, நம் வானொலியில் வந்த ஒலிச்சித்திரம் மாதிரி. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முழுசு இல்லை.

இன்னொன்று, "அந்த டாக்டர் இறந்துவிட்டாரே, வேறொருவர் குரலில் எப்படிக் கேட்பது" என்று ஒதுக்குவது. ஜான் பெர்ட்வீயின் மூன்றாம் டாக்டருக்கு இப்போது டிம் ட்ரெலோர் குரல் தருகிறார். இரண்டாம் டாக்டருக்கு முதலில், அவரோடு டிவியில் ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸே குரல் கொடுத்தார். பிறகு, டிவியில் இரண்டாம் டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டனின் மகன் மைக்கேல் ட்ரௌட்டன் வந்தார். கூட நடித்தவரும் பெற்ற மகனும் அந்தக் குரலைத் தேடிப் பிடிக்கிறார்கள். பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள், காது தானாகப் பழகிவிடும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடவில்லை என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அவர்கள் முதலில், டிவி கதைகளை நாவலாக்கி வெளியிட்ட டார்கெட் புத்தகங்களின் ஒலிவடிவத்தைக் கேட்கலாம். ஏற்கெனவே டிவியில் பார்த்த கதை, ஒரே குரல், கையில் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து கேட்டபின் முழு நாடகத்துக்கு வந்தால் யார் பேசுகிறார் என்ற குழப்பம் வெகுவாகக் குறையும்.

அப்புறம், பிக் ஃபினிஷ் வெளியீடுகள் பலவற்றில் கதைக்குப் பின்னால் நடிகர்களின் பேட்டி இருக்கும். கதை முடியும் முன் அதைத் தொடாதீர்கள். முடிவை முழுசாக உடைத்துப் பேசுவார்கள்.