ஊட்டிக் குளிரில் குரோமட்டோகிராஃபி: வெப்பநிலையில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு குளிர்காலத்தில் மலைத்தேனில் உள்ள சர்க்கரைகளை ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபிக் கருவி) அளந்துகொண்டிருந்தோம். டிடெக்டர், ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் வகை, அதாவது திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. பேஸ்லைன் (பொருள் எதுவும் வராதபோது திரையில் ஓடும் கோடு) நேராக ஓடாமல் அலையலையாக ஏறி இறங்கியது. பம்ப்பில் காற்று என்று நினைத்து பர்ஜ் செய்து வெளியேற்றினோம், மொபைல் ஃபேஸை (கருவிக்குள் ஓடும் திரவத்தை) மறுபடி டிகேஸ் செய்து கரைந்த காற்றை நீக்கினோம், இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரூம் ஹீட்டரின் தெர்மோஸ்டாட். கோடு ஏறத் தொடங்கியது. சில நிமிடத்தில் மறுபடி ‘டக்’, கோடு இறங்கியது. வெப்பநிலை மாறினால் திரவத்தில் ஒளி வளைவதும் மாறும். ஹீட்டரை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம், அலை அடங்கிவிட்டது.

அதிலிருந்து சொல்கிறேன், நீலகிரியில் கருவிக்கு முன்னால் அறையைச் சந்தேகப்படுங்கள்.

சென்னையில் எழுதிய மெத்தடில் (சோதனைச் செய்முறையில்) ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் அது 30 டிகிரியாக இருக்கலாம். நம் அறையில் ஜனவரிக் காலையில் 15கூட இருக்காது. தண்ணீரின் பாகுத்தன்மை 30 டிகிரியில் இருப்பதைவிட 15 டிகிரியில் சுமார் 40 சதவீதம் அதிகம். பம்ப் பிரஷர் ஏறுவதைப் பார்த்து அடைப்பு என்று காலமை (column, பொருட்களைப் பிரிக்கும் குழாயை) கழற்றிவிடுகிறோம். ஒரு டிகிரி மாறினாலே ரிடென்ஷன் டைம் (ஒரு பொருள் காலமைக் கடந்து வர எடுக்கும் நேரம்) பொதுவாக 1 முதல் 2 சதவீதம் நகரும். ஆகவே காலமைச் சூடாக வைக்கும் ஓவனை 35 அல்லது 40 டிகிரியில் நிறுத்தி, அதையே மெத்தடில் எழுதிவைப்பது நல்லது. 25 டிகிரி வேண்டாம். சூடாக்க மட்டுமே தெரிந்த ஓவன் பெரும்பாலும் அறையைவிட 5 டிகிரி மேலேதான் ஒழுங்காகக் கட்டுப்படும். குளிரில் சரியாக ஓடிய அதே 25, மே மாத மதியத்தில் கையை விட்டுப் போகும்.

ஓவன் 40 காட்டினாலும் உள்ளே வரும் மொபைல் ஃபேஸ் சில்லென்றுதான் வருகிறது. காலமின் சுவர் சூடாகவும் நடு குளிராகவும் இருந்தால் பீக் (ஒரு பொருள் வரும்போது கோட்டில் எழும் முகடு) அகலும், சில நேரம் இரண்டாகப் பிளக்கும். காலமுக்கு முன்னால், வரும் திரவத்தைச் சூடாக்கும் ப்ரீஹீட்டர் போடாமல் காலமையே குறை சொல்வது வீண் செலவு.

அப்புறம், மலையில் மட்டுமே நடக்கும் ஒரு தவறு. சென்சாரைச் சரிபார்க்கக் கொதிநீரில் வைத்து ‘100 வரவில்லை’ என்று முடிவு கட்டுவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை 100 என்று திருத்தினால் ஓவன் முழுதும் பொய் சொல்லும். தூய நீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் பாருங்கள். எந்த உயரத்திலும் 0 டிகிரிதான். பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பநிலை அளக்கும் பி.டி.100 சென்சார் என்றால் அங்கே 100 ஓம், 25 டிகிரியில் சுமார் 109.7 ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் போதும்.

டிஸ்பிளேவையும் முழுதாக நம்பாதீர்கள். சென்சார் உணர்வதைத்தான் அது காட்டும். சென்சார் தன் இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் குறைத்துக் காட்டும், ஹீட்டர் விடாமல் எரியும். சூடே ஏறவில்லையா? மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் ஹீட்டரின் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். போர்டை மாற்றச் சொல்லும் முன் ஸ்டெபிலைசர்.

ஜி.சி. (பொருளை ஆவியாக்கி வாயு ஓட்டத்தில் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோல், லிமோனீன் என்ற இரண்டு பொருட்களும் ஏறக்குறைய ஒரே கொதிநிலை, 176 டிகிரி பக்கம். வழக்கமான காலம்களில் ஒட்டிக்கொண்டே வரும். ஓவன் சற்றுத் தடுமாறினால் இரண்டும் ஒரே பீக்காகிவிடும், சினியோல் அளவு கூடிவிட்டதாகத் தெரியும். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் ஃபேன் ஓவனைக் குளிர்விக்க அதிக நேரம் எடுக்கும். முதல் ரன்னின் சூடு முழுதாக இறங்கி நிலைக்கும்வரை அடுத்த ஊசி போடாதீர்கள். ஓவனைச் சோதிக்கிறேன் என்று கேரியர் கேஸ் (காலம் வழியே ஓடும் வாயு) இல்லாமல் காலமைச் சூடேற்றவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் காலம் பூச்சைத் தின்றுவிடும், அதற்குப் பின் எந்த வெப்பநிலையிலும் அது தேறாது.