எரிக்கும் கழிப்பறைக்குக் கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி?

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் ஓரம். மூன்று அடி தோண்டினால் ஊற்று வந்துவிடும், கார்த்திகையில் இரண்டே அடி. செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினால் அது பாதி நாள் தண்ணீரில்தான் கிடக்கும். குடிக்கிற தண்ணீர் குடக் கணக்கில் வண்டியில் வருகிறது. அந்தத் தண்ணீரில் பக்கெட் பக்கெட்டாக எடுத்து ஊற்ற மனசு வருமா? அதனால்தான் ஒரு பண்ணை வீட்டிலிருந்து கைமாறி வந்த மின்சார எரிப்புக் கழிப்பறை ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்தேன்.

தண்ணீர் மிச்சமானது. கரண்ட் பில்தான் வாயைப் பிளந்தது. வயரிங் பார்க்க வந்த மச்சான் மீட்டரைப் பார்த்துவிட்டு, “இது கக்கூஸா, கரண்ட் அடுப்பா மச்சான்?” என்றான். அவன் கேட்டது சரிதான். அடுப்பேதான் அது. அடுப்பென்று நினைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது. இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் இருவருக்கும் பயன்படட்டும் என்று செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

உட்காரும் கிண்ணத்தில் காகித விரிப்பு ஒன்றைப் போடுகிறோம். முடிந்ததும் பெடலை மிதித்தால் காகிதத்தோடு எல்லாம் கீழே உள்ள எரி அறைக்குள் விழும். பொத்தானை அழுத்தினால் ஹீட்டர் காயும். உள்ளே 500, 600 டிகிரி வரை போகும். ஒரு ஃபேன் காற்றைத் தள்ளிப் புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் விடும். கடைசியில் தட்டில் ஒரு கைப்பிடி சாம்பல் கிடக்கும். இவ்வளவுதான்.

முதல் படி: அளந்து பாருங்கள்

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். வீட்டு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எரிப்பு தொடங்கும்போது ஒரு ரீடிங், ஃபேன் ஆறி நின்றதும் ஒரு ரீடிங் எடுங்கள். ஃபேன் நிற்கும்வரை காத்திருப்பது முக்கியம். ஹீட்டர் அணைந்த பிறகும் அது வெகுநேரம் ஓடும்.

என் முதல் அளவு, ஒரு ஆள் ஒரு முறை போனதற்கு 2.3 யூனிட். நாலு பேர் வீட்டில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீரை உள்ளே விடாதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து சூடேற்றி, மிச்சமில்லாமல் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் ஆகும். கொதி வரும்வரை செலவாவது அதில் கொஞ்சம்தான். கொதித்ததை ஆவியாக்கத்தான் பெரும்பங்கு போகிறது. பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை மூத்திரம் வரும். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாத பில்லில் 210 யூனிட். வெறும் மூத்திரத்தை ஆவியாக்கக் கொடுக்கும் காசு இது. யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலத்தின் கதை வேறு. அதில் முக்கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காய்ந்த பொருள். ஒரு கிலோவில் உள்ள தண்ணீரை விரட்ட அரை யூனிட் போதும். மீதமுள்ள 250 கிராம் காய்ந்த பொருள் எரிந்தாலோ, விறகு மாதிரி, ஒன்றேகால் யூனிட்டுக்கு மேலேயே சூடு தரும். தன்னை எரிக்கத் தேவையான விறகைத் தானே கொண்டுவருகிற பொருள் அது. நாம்தான் அதன் மேல் தண்ணீரை ஊற்றிக் கெடுக்கிறோம்.

சரி, எப்படிப் பிரிப்பது? மூத்திரத்துக்கு, கிண்ணத்தின் முன்பக்கம் பொருத்துகிற பிரிப்பான் தட்டு ஒன்று உண்டு. முன்னால் விழுவதைத் தனிக் குழாயில் எடுத்துக் கேனுக்குக் கொண்டுபோகும். ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, வீட்டில் இருப்பது இரண்டே ஆண்கள், அதில் ஒருவன் நான்.

அடுத்தது கால் கழுவுவது. இந்த மெஷின்கள் காகிதத்தில் துடைக்கிற ஊர்க்காரர்களுக்காகச் செய்தவை. நமக்கு ஒரு கப் தண்ணீராவது வேண்டும். முதல் மாதம் நாங்கள் அந்த ஒரு கப்பை உள்ளேயே ஊற்றினோம். ஒருநாள் விருந்தாளி ஒருவர் பழக்கதோஷத்தில் அரை வாளியைக் கவிழ்த்துவிட்டார். மெஷின் ஒன்றரை மணி நேரம் கொதித்து, கடைசியில் டிரிப் ஆகி நின்றது.

திருச்சிப் பக்கம் முசிறியில் பயன்படுத்தும் ஈகோசான் கழிப்பறை, அதாவது கழிவைத் தனித்தனியாகப் பிரித்து உரமாக்கும் கழிப்பறை, அதன் பீங்கானில் இதற்கு விடை இருக்கிறது. மலத்துக்கு ஒரு துளை, மூத்திரத்துக்கு ஒன்று, கழுவுகிற தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனி. எங்கள் மெஷினில் அதற்கு இடமில்லை. அதனால் பக்கத்திலேயே ஒரு முழ அகலத்தில் சிமென்ட் மேடை கட்டி, எழுந்து அங்கே தள்ளி உட்கார்ந்து கழுவுகிற மாதிரி வைத்தேன். அந்தத் தண்ணீர் அடியில் தார்ப்பாய் விரித்து ஜல்லி நிரப்பிய சிறு பாத்திக்குப் போகிறது. அதில் கல்வாழை நட்டிருக்கிறேன், நன்றாகவே வருகிறது. பாத்தியை ஊற்றுக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள். நம் மணலில் எதுவும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும்.

மூத்திரக் கேனை மூடி ஒரு மாதம் வைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கு ஊற்றலாம். மூத்திரத்திலும் உப்பு உண்டு, நம் நிலத்திலும் உப்பு உண்டு. அதனால் ஒரே மரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருக்காமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கீரைப் பாத்தி பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாம் படி: எரிப்பதற்கு முன் காயவிடுங்கள்

அப்பத்தா சொல்லும்: “காயாத கருவாட்டக் கட்டி வச்சா நாறத்தான் செய்யும்.” இங்கேயும் அதே கதைதான். ஹீட்டரால் விரட்டுகிற ஈரத்தில் பாதியைச் சும்மா வீசுகிற காற்றே கொண்டுபோகும்.

12 வோல்ட்டில் ஓடும் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, 5 வாட் அளவில், எரி அறையின் காற்று உள்ளே வரும் வழியில் பொருத்தினேன். எரிப்பு இல்லாத நேரமெல்லாம் அது ஓடும். இருபது மணி நேரம் ஓடினாலும் 0.1 யூனிட்தான். காற்று உள்ளிருந்து குழாய் வழியே மேலே போவதால் அறையில் வாடையும் இல்லை. எரிப்பு தொடங்குவதற்கு முன் இந்த ஃபேனை நிறுத்தி, அதன் வழியைத் தகரத் தட்டால் மூடிவிட வேண்டும். மறந்தால் பிளாஸ்டிக் உருகும். எனக்கு ஒன்று உருகியது.

பங்குனியிலிருந்து ஆவணி வரை இது அருமையாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் என்கிற கீழைக்காற்று அடித்து ஊரே ஈரமாக இருக்கும்போது பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சிலர் உலர் கழிப்பறை நினைப்பில் மேலே கடல் மணலைத் தூவுகிறார்கள். மணல் எரியாது, சூட்டை மட்டும் குடிக்கும். டயப்பர், நாப்கின் போடுவதும் கூடாது. பிளாஸ்டிக் புகை ஒரு பக்கம், உள்ளே இருக்கும் ஜெல் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர் இன்னொரு பக்கம்.

நான்காம் படி: சேர்த்து எரியுங்கள்

என் எரி அறை கிட்டத்தட்ட 15 கிலோ இரும்பு. அதை 550 டிகிரிக்கு ஏற்ற மட்டுமே ஒரு யூனிட் போகிறது, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒருமுறை எரித்தால் ஒவ்வொரு முறையும் அந்த இரும்பைக் காய்ச்சி ஆறவிடுகிறோம். நாலு பேர் போன பிறகு ஒரே எரிப்பு என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு யூனிட் நாலாகப் பிரியும். எத்தனை முறை வரை சேர்க்கலாம் என்பது உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டாதீர்கள், அடைத்தால் நடுவில் வேகாமல் நிற்கும்.

கூரையில் சோலார் இருந்தால் எரிப்பை உச்சிவேளைக்கு வையுங்கள். நம் மாவட்ட வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கமுதியில் 648 மெகாவாட்டுக்குப் பலகை விரித்திருக்கிறார்கள். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயில் நாளில் நாலைந்து யூனிட் தரும். ஆனால் ஹீட்டர் ஒரே நேரத்தில் 2 கிலோவாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

ஐந்தாம் படி: சூட்டை உள்ளேயே வைத்திருங்கள்

முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தும் அடைத்தும் தீயைப் பிடித்து வைப்பார்கள். காற்று கூடினால் கரி சாம்பலாகும், குறைந்தால் தீ அணையும். கையை மண் மேல் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார்கள். நமக்கு வேண்டியதும் அந்தக் கைப்பழக்கம்தான்.

மூடியின் விளிம்பில் இருக்கும் கயிற்று கேஸ்கட்டைப் பாருங்கள். மெஷின் ஆறியிருக்கும்போது செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து மூடியைச் சாத்தி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் அந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது. நான் சுற்றி எட்டு இடத்தில் இழுத்துப் பார்த்தேன், மூன்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி இழைக் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கும், சூடு தாங்கும் பசை வைத்து ஒட்டினால் போதும்.

எரி அறையின் வெளிப்புறத்தில் ஓர் அங்குல செராமிக் ஃபைபர் போர்வை சுற்றினேன். முகக்கவசம், கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள், தூள் மூச்சில் போகும். மோட்டார், வயர் இணைப்பு, சூடு அதிகமானால் தானே நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றை மூடக் கூடாது. தெர்மோகோல், பஞ்சு எல்லாம் வைத்து யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

எரிப்பு ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் சூடு தங்கும். ஆனால் புகை கறுத்தாலோ வாடை வந்தாலோ குறைத்தது அதிகம், பழைய வேகத்துக்குப் போய்விடுங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே போயே ஆக வேண்டும், அறைக்குள் ஒழுகினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் பக்கம் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த குழாய் உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் வாயில் ஒரு தொப்பி வேண்டும்.

வயரிங்: தனி லைன், 15 ஆம்ப் பிளக், நல்ல எர்த், கசிவு வந்தால் அணைக்கும் பிரேக்கர். இதில் மட்டும் சொந்தக் கைவேலை வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உப்பு

கடலோரத்தில் இதையும் பராமரிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்புக் காற்று ஃபேன் பேரிங்கைத் தின்னும். மூத்திர உப்பு எரி அறையின் சுவரில் பொரிந்து ஒட்டி, எவர்சில்வரையே அரிக்கும். பொருக்கு கட்டினால் சூடு சரியாகப் பாயாமல் எரிப்பு நேரம் நீளும். மாதம் ஒருமுறை, முழுக்க ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுரண்டி எடுக்கிறேன். மூத்திரத்தைப் பிரித்த பிறகு பொருக்கு பெரும்பாலும் நின்றுவிட்டது. சாம்பலைத் தென்னை மூட்டில் போடலாம். எரிந்ததில் தழைச்சத்து போயிருக்கும், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிஞ்சும்.

இப்போது என் அளவு, நாலு முறைக்குச் சேர்த்து ஓர் எரிப்பு, 1.4 யூனிட். சுவரில் ஒரு காலண்டர் தாளில் தேதி போட்டு எழுதி வருகிறேன். திடீரென்று 1.8 வந்தால் யாரோ கப்பைக் கவிழ்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் கேஸ்கட். போன வாரம் 1.7 காட்டியது. இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மேலே ஏறிப் பார்த்தால் சிம்னித் தொப்பி துருவேறி ஒரு பக்கம் விழுந்திருந்தது. இந்த முறை அலுமினியத்தில் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன், ஆடிக் காற்றுக்கு முன் மாட்ட வேண்டும்.