டெம்ப்ளேட்டில் கணக்குப் போடாதீர்கள்: ஜாங்கோவுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் புதிதாக வெப் டெவலப்மென்ட் பழகும் பிள்ளைகளின் கோடிங்கைப் பார்த்துக் கொடுப்பது என் வாடிக்கை. எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி எல்லாம் ஓடவிட்டதுமே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பணக் கணக்கு டெம்ப்ளேட்டில்

மண்டபம் பக்கம் நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவருக்கு ஒரு பையன் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வெப் தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) மென்பொருள் செய்து கொடுத்தான். டெம்ப்ளேட் என்பது திரையில் தெரியும் பக்கத்தின் அச்சு. ஜாங்கோவின் டெம்ப்ளேட் மொழியில் கூட்ட 'ஆட்' என்ற ஃபில்டர் (மதிப்பை மாற்றிக் காட்டும் சிறு கட்டளை) உண்டு. பெருக்க ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றே வைக்காமல் விட்டது அது. கணக்கு பைத்தானில் நடக்கட்டும், டெம்ப்ளேட் காட்டினால் போதும் என்பதுதான் ஏற்பாடு.

பையன் எங்கோ தேடி 'விட்த்ரேஷியோ' டேக்கைப் பிடித்து, அதை வைத்துப் பெருக்கிவிட்டான். பட்டை வரைபடத்தின் அகலத்தைக் கணக்கிட வைத்த டேக் அது. விடையை முழு எண்ணாக்கிவிடும். பிக்சலுக்குச் சரி, ரூபாய்க்கு?

கிலோ 418 ரூபாய். எடை 2.3, 1.8, 3.3. உண்மையில் வருவது 961.40, 752.40, 1379.40, மொத்தம் 3093.20. ரசீதுக்கான கணக்கு பைத்தானில் தனியாக இருந்தது, மொத்தத்தை மட்டும் முழு ரூபாயாக்கி 3093 என்று அச்சடித்தது. திரையில் தெரிந்த மூன்று வரியை, நண்டு கொடுத்த படகுக்காரர் செல்போனில் கூட்டினார்: 3092.

"தம்பி, திரையில ஒண்ணு, சீட்டுல ஒண்ணு. இன்னைக்கு ஒரு ரூவா கூடுது, சரி. நேத்து எம்புட்டு கொறஞ்சுச்சு?"

பழைய சீட்டெல்லாம் வெளியே வந்தது. அன்று மாலையே வியாபாரி நோட்டுக்குத் திரும்பிவிட்டார்; பையனுக்கு வரவேண்டிய மீதிப் பணமும் நின்றது.

இதைவிட எரிச்சல், அவன் செய்த வைத்தியம்: பெருக்குவதற்குச் சொந்தமாக ஒரு ஃபில்டர். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் சுவரை இடித்து வழி வைத்த மாதிரி. நாளை கமிஷன் மாறும், ஐஸ் செலவு சேரும், முன்பணம் கழியும். திரை, ரசீது, போனுக்குப் போகும் செய்தி என்று மூன்று இடத்திலும் துழாவ வேண்டும். ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

கணக்கை மாடலில் (தரவை வைத்திருக்கும் பைத்தான் பகுதி) ஒரே மெத்தடாக, பைசா பிசகாத டெசிமல் வகையில் எழுதுங்கள். மூன்று இடமும் அதையே கூப்பிடட்டும். ரூபாய்க் குறி, கமா, தேதியின் வடிவம், பாக்கிக்குச் சிவப்பு நிறம் இவை டெம்ப்ளேட்டுக்கு. பக்கம் எதையும் திறக்காமல் ஜாங்கோ ஷெல்லில் (கட்டளையை நேராகத் தட்டிப் பார்க்கும் இடம்) ஒரு ரசீதின் தொகை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கணக்கு இன்னும் பக்கத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது.

பொத்தானை மறைத்தால் தடை ஆகிவிடாது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். டெம்ப்ளேட்டில் ஒரு 'இஃப்' போட்டுப் பதிவுப் பொத்தானை மறைத்துவிட்டு, முடிந்தது என்கிறார்கள். அந்தப் பொத்தான் அனுப்பும் வெப் முகவரிக்கு நேராகத் தகவலை அனுப்பினால் பதிவு ஏறிவிடும். விதி சர்வர் பக்கம், சேமிக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

லூப்புக்குள் உரிமையாளர் பெயர்

பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு படகின் உரிமையாளர் பெயருக்கும் ஒன்று என்று, 200 படகுப் பட்டியலுக்கு 201 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). 'செலக்ட் ரிலேட்டட்' சேருங்கள், ஒன்றாகும்.

பைத்தானுக்குள் எச்டிஎம்எல்

வேண்டாம். நிறம் மாற்றக்கூட டிசைனர் உங்களுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.