முதல் உளவியல் ஆய்வு: யாரைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது?

நான் முதலில் எடுத்த தலைப்பு "கொழும்புத் தமிழ் இளைஞர்களின் மன அழுத்தம்". கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குரூப்புகளில் போட்டேன். இரண்டே நாளில் தொண்ணூறு பதில்! மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "இதில கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்றாவது இருக்கா?" இல்லை. வட கொழும்பிலிருந்து ஒருவருமே இல்லை. பாதிப்பேர் தெற்கே வெள்ளவத்தையில் என்னோடு ரியூசன் படித்தவர்கள், மிச்சம் மச்சான்மாரும் மச்சாள்மாரும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "மன அழுத்தம்" தலைப்புதான், கேள்வி அல்ல. "படிக்கும்போது மேசையில் போன் இருந்தால் நினைவில் நிற்பது குறையுமா?" என்பது கேள்வி. போன் இருக்கும் இடம் சாரா மாறி, அதாவது நாம் மாற்றிப் பார்ப்பது. இருபது சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது என்பது சார்ந்த மாறி, அதாவது நாம் அளப்பது. எதிர்பார்க்கும் விடையை, அதாவது கருதுகோளை, தரவு சேர்க்கும் முன்பே எழுதி வையுங்கள்.

அடுத்தது வடிவமைப்பு. "எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள், எத்தனை புள்ளி?" என்று வினாக்கொத்தில் கேட்டால் தொடர்பு மட்டும்தான் தெரியும். புள்ளி குறைந்த வெறுப்பில் போனைத் தூக்கியவரும் அதற்குள் இருப்பார். காரணம் தெரிய வேண்டுமென்றால் பரிசோதனை: ஒரு குழுவுக்குப் போன் மேசையில், மற்றதற்கு அடுத்த அறையில். யார் எந்தக் குழு என்பதை நாணயம் சுண்டியே முடிவு செய்யுங்கள். நேரத்தோடு வந்தவர்களை ஒரு பக்கம் உட்காரவைத்தால் நீங்கள் ஒப்பிடுவது போனை அல்ல, பொறுப்பை. அறை, நேரம், சொற்பட்டியல் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு குழுவுக்கு மட்டும் காலி வீதி பஸ் ஹோர்ன் கேட்கக்கூடாது.

இனி ஆட்கள். முடிவு யாரைப் பற்றியது? கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படிப்பவர்கள் என்றால், கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் வேண்டும். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், தமிழில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளும் வேண்டும். முழுப் பெயர்ப்பட்டியல் கிடைத்தால் எழுமாற்றாக, அதாவது குலுக்கல் போல, எடுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. அப்போது பிரதேசம், பால், பாடப்பிரிவு வாரியாக எத்தனை பேர் என்று பிரித்து எடுத்து, அறிக்கையில் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எண்ணிக்கை பெரிதென்றால் போதும் என்று நினைக்காதீர்கள்: 1936 அமெரிக்கத் தேர்தலில் ஒரு சஞ்சிகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு தோற்கப்போகிறவரை வெல்வார் என்றது.

அழைப்பின் வாசகமும் ஆட்களைத் தெரிவு செய்துவிடும். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்போர்ட் சிறைப் பரிசோதனைக்கான விளம்பரம் "சிறை வாழ்க்கை" என்று சொல்லியே ஆட்களைக் கூப்பிட்டது. அந்தச் சொல்லைப் போட்டும் போடாமலும் இரண்டு விளம்பரங்களை வைத்துப் பார்த்த 2007 ஆய்வில், "சிறை" என்பதைப் பார்த்து வந்தவர்களிடம் ஆக்ரோஷம் கூடுதலாகவும் பரிவு குறைவாகவும் இருந்தது. அதனால் "போனுக்கு அடிமையா? வாருங்கள்" என்று போஸ்டர் அடிக்காதீர்கள்.

எத்தனை பேர்? இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, வழமையான 5 சதவீத மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்), குழுவுக்கு 64 பேர். மொத்தம் 128. மலைக்க வேண்டாம், ஒரு தவணை போதும்.

மொழியில்தான் நான் அதிகம் சறுக்கினேன். "மன அழுத்தம்" என்றால் ஒருவருக்கு டென்ஷன், இன்னொருவருக்கு மனச்சோர்வு. ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவுக்கு முன்பு வேண்டும், பின்பு அல்ல. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் இரண்டும் தேவை. ரீச்சர் பக்கத்தில் நிற்க வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள்.

கடைசியாக, ஐந்தாறு பேரை வைத்து ஒரு ஒத்திகை. எங்கள் ஒத்திகையில் எல்லாப் போனும் அடுத்த அறையில். சொற்பட்டியலின் நடுவே ஒரு பையனின் கையில் ஸ்மார்ட் வாட்ச் அதிர்ந்தது. அறிவுறுத்தலில் அதையும் சேர்த்துவிட்டுத்தான் மறுநாள் தொடங்கினோம்.