இரு வீடு, இரு தோணி, ஓர் இயந்திரம்

மாரிப் போகத்தில் மண்டூர் வயல் வீட்டிலும், கோடையில் களுவாஞ்சிக்குடிக் கடற்கரை வீட்டிலும் வாழும் எனக்கு, எந்தப் படகை எங்கே வைத்திருப்பது என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. இரு இடத்திற்கும் ஒரே படகு போதும் என்று பலர் சொன்னார்கள். ஆனால் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரங்கள் வறட்சிக் காலத்தில் மணல் மேடிட்டு அடைபடுவதால், வாவியிலிருந்து கடலுக்குப் படகை ஓட்டிச் செல்வதை நம்பியிருக்க முடியாது.

மண்டூரில் தட்டையான அடியுள்ள சிறு தோணியை வைத்தேன். அங்கே கரையோரம் முழங்காலளவு நீர்தான். மழை தொடங்கியதும் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்துவந்து துறையை மூடும், அதன் வேர்கள் இயந்திர விசிறியில் கயிறுபோல் இறுகச் சுற்றிக்கொள்ளும். எனவே அங்கு நீண்ட கம்பும் துடுப்பும் மட்டுமே. எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளிக்குக் கடக்க மோட்டார் சைக்கிளோடு ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிவிடுவேன். அதற்கென ஒரு படகு தேவையில்லை.

கடற்கரையில் பைபர் படகு. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நான் மண்டூரில் இருப்பதால், அதை மேட்டில் ஏற்றி, இயந்திரத்தை மட்டும் கழற்றி, நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, வீட்டினுள் நிறுத்திவிட்டு, படகைக் கவிழ்த்துக் கிடுகால் மூடிவிடுகிறேன். இடையிடையே மைத்துனர் சென்று பார்ப்பார். ஆள் பார்க்க முடியாத இடத்தில் படகு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.