வகுப்பறையில் ஒழுங்கு குலைவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தம் அடங்கும் முன்பே பாடத்தைத் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆசிரியர் குரலை உயர்த்த, மாணவர்கள் அதற்கு மேல் உயர்த்துவார்கள். ஒரே இடத்தில் நின்று, "எல்லாரும் இங்க பாருங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்தப் பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும். அடங்கியதும் தணிந்த குரலில் தொடங்குங்கள்.

"ஒழுங்கா இரு" என்பதில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை. "பேனாவைக் கீழே வை, 42ஆம் பக்கத்தைத் திற" என்றால் யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். நோட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வீட்டுப்பாடம் சொல்வதும் வீண். பாதிப் பேர் காதில் விழாது.

நன்றாக நடக்கும் வகுப்புக்கும் குழம்பும் வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, தவறு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் இல்லை என்று அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் குனின் 1970இல் எழுதினார். மூலை முடுக்கில் நடப்பதையும் ஆசிரியர் கவனிக்கிறார் என்று மாணவர்களுக்குத் தெரிவதும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றி நகர்வதும்தான் முக்கியம் என்றார். பலகையில் எழுதும்போது முதுகை முழுக்கத் திருப்பாமல் பக்கவாட்டில் நின்றாலே பாதிச் சலசலப்பு குறையும்.

எல்லார் முன்னிலையிலும் வாக்குவாதத்தில் இறங்குவது பெரிய தவறு. பதின்வயதுப் பிள்ளைக்கு நண்பர்கள் முன் மானம் போவது தண்டனையைவிடப் பெரிது. அதனால் அடங்க மாட்டான், எதிர்த்துத்தான் பேசுவான். அருகில் போய், பக்கத்தில் நின்று, பெயரைச் சொல்லி, செய்ய வேண்டியதை மெதுவாக ஒரே வரியில் சொல்லுங்கள். உடனே நகர்ந்துவிடுங்கள். தலைக்கு மேல் நின்று முறைத்தால் அதுவும் சவால்தான். மீதிப் பேச்சு வகுப்பு முடிந்தபின், தனியாக. அப்போதும் "ஏன் செஞ்சே?" வேண்டாம், "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள்.

"இன்னொரு தடவை பேசினா வெளியே" என்று ஐந்து தடவை சொன்னால் ஆறாவதை யாரும் மதிக்கப்போவதில்லை. செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். கவனம் ஈர்க்கச் செய்யும் சிறு சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், குறைவதற்கு முன் அது சில நாள் கூடும். இடையில் பொறுமையிழந்து கத்தினால், இன்னும் விடாமல் செய்தால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடிதடி, கேலிவதை இரண்டையும் மட்டும் அப்படி விடக்கூடாது.

ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்காதீர்கள். நூறு தடவை எழுதச் சொல்வதும் வேண்டாம். எழுதுவதே தண்டனை என்றால் கட்டுரை எழுத யாருக்கு மனம் வரும்?

கடைசி வரிசையில் ஓயாமல் பேசும் பிள்ளைக்குப் பலகை தெரிகிறதா, பேசுவது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தவனிடம் அவன் கேட்டுக்கொண்டிருப்பது பாடமாகவே இருக்கலாம்.